குரலை எதில் போட்டு வைப்பது

என் கழுத்தில் இருந்த கட்டியைவிட, அதைப் பற்றி டாக்டர் பேசிய நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. தைராய்டில் ஆரம்பித்தது குரல்வளை வரை போயிருக்கிறது, திறந்து பார்த்தால்தான் எவ்வளவு தூரம் என்று தெரியும், தேவைப்பட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். உயிருக்குப் பயமில்லை என்றும் கடைசியில் சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். நான் அதற்கு முந்தின வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். பதினெட்டு நாள் கழித்து ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்கள்.

அடுத்த அறையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் எனக்கு அந்த யோசனையைச் சொன்னாள். இப்போதே குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒருவேளை குரல் போய்விட்டால் நீங்கள் போனில் எழுதுவதை உங்கள் குரலிலேயே பேசிக் காட்டும் செயலிகள் வந்திருக்கின்றன என்றாள். பாடமோ பேப்பரோ எதை வேண்டுமானாலும் படிக்கலாம், ஒன்றிரண்டு மணி நேரம் போதும், ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, நாளுக்கு நாள் கரகரப்பு கூடும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள், வேவ் ஃபைலாக இருந்தால் நல்லது என்று. அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

காவலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், பேசாமல் இருந்தால் குரல் தேயாது என்பதுபோல. எனக்கு என்று சொல்லிக்கொள்ள குரலைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை. அழகி இல்லை, பொறுமைசாலி நிச்சயமாக இல்லை. மலைப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியது அந்தக் குரலால். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மைக் முன்னால் நின்று பைபிள் வாசகம் படிப்பதும் நான்தான். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவர் வீட்டு முன்பக்கத்தில் கடை போட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மீதிப் பேச்சு முழுக்க என்னுடையது.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். தலை வாரி, கஞ்சி போட்ட புடவை கட்டி, பின் குத்தி, மேஜையில் போனை நிறுத்தி வைத்து அதற்கு எதிரில் நிமிர்ந்து நின்றேன். வாசகம் படிக்கப் போகும்போது அப்படித்தான் நிற்பேன், வேறு மாதிரி நிற்கத் தெரியாது. கடையிலிருந்து ஸ்குரூடிரைவர் தேடி உள்ளே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, எங்கேயாவது கிளம்புகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்புப் பாடங்கள், நீதிக் கதைகள், பழைய வாசகங்கள் என்று படித்தேன். ஒரு இடத்தில் எச்சில் விழுங்கினால் அதை அழித்துவிட்டு மறுபடி படிப்பேன். வெளியே ஆடு கத்தினால் அழிப்பேன். நான்கு நாள் இப்படியே போயின. கேட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது, அவ்வளவு திருத்தமாக வந்திருந்தது.

ஐந்தாம் நாள்தான் தம்பிக்கு போன் செய்து நோயைப் பற்றிச் சொன்னேன். அதுவரை யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். தம்பி கணியம்பாடியில் மைக் செட் வைத்திருக்கிறான், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறையில் பாடல் ரெகார்டிங்கும் செய்கிறான். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொழிலுக்கு வந்துவிட்டான்.

"எதுலக்கா ரெகார்டு பண்ண?"

"போன்லதான்டா."

"போன்ல இன்னா ஃபார்மேட்டுனு பாத்தியா? அதுவா சுருக்கி வச்சிருக்கும்."

பார்த்துச் சொன்னேன். எம்பி த்ரீயும் இல்லை, ஃபைல் பெயரின் கடைசியில் எம் ஃபோர் ஏ என்று இருந்தது. இரண்டும் ஒரே ஜாதிதான் என்றான் அவன். குரலில் காது கவனிக்காத பகுதி என்று ஒன்று உண்டாம், அதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் வைக்குமாம். வேவ் என்றால் எதையும் எடுக்காது, வந்ததை வந்தபடி வைக்கும், அதனால்தான் ஃபைல் அவ்வளவு பெரிதாக இருக்கும். சரி, இதையே வேவாக மாற்றிக் கொடு என்றேன்.

"சுருக்குனது சுருக்குனதுதான்க்கா. இப்ப வேவா மாத்துனா ஃபைல்தான் பெருசாகும், போனது வராது."

போனது வராது என்று அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். காது கவனிக்காத பகுதி என்று யார் முடிவு செய்வது? அந்த டாக்டரும் தேவையில்லாததை எடுத்துவிடுவோம் என்றுதான் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாமல் என் கைக்குள்ளேயே ஒரு போன் நான்கு நாளாக என் குரலை நறுக்கிக் கீழே போட்டிருக்கிறது, நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்காரர் மேல் காட்டினேன். ஒரு வார்த்தை நீங்களாவது கேட்டிருக்கலாமே என்றேன். அவர் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று புரியாமல் நின்றார்.

இரண்டு நாளில் தம்பி மலை ஏறி வந்தான். ஒரு மைக்கும், வேவில் மட்டும் பதிவு செய்யும்படி அமைத்த சின்ன ரெகார்டர் ஒன்றும் கொண்டுவந்தான். கல்யாண சீசன், அன்றைக்கே அவன் இறங்கியாக வேண்டும். அதனால் கருவியை வீட்டுக்காரரிடம் கொடுத்து விளக்கினான். நடுவில் நிறுத்தாதீங்க மாமா, தப்பு வந்தாலும் ஓடட்டும், நான் அப்புறம் வெட்டிக்கிறேன் என்று மூன்று தடவை சொன்னான். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் எங்கள் ஊர் கரண்டுக்கும் எங்கள் கைக்கும் ஏதாவது பாதியில் போய்விடும் என்று அவனுக்குப் பயம். வீட்டுக்காரர் அதை ஏதோ மோட்டாருக்கான குறிப்பைப் போல மனதில் வாங்கிக்கொண்டார். அவர் ஒரு வேலையை வாங்கிக்கொண்டால் அதன்படியே செய்வார், கூடவும் செய்யமாட்டார், குறையவும் செய்யமாட்டார்.

ஆனால் இதற்குள் என் குரல் மாறத் தொடங்கியிருந்தது. மூட்டைகள் போட்டு வைக்கும் அறையில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, ரெகார்டர் முன்னால் நின்று முதல் பாடத்தை ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீளமான வாக்கியத்தின் கடைசியில் காற்றுதான் வந்தது. போனில் இருந்த பழைய பதிவை எடுத்துக் கேட்டேன். அதில் ஃபார்மேட் மட்டம், குரல் முழுசு. இதில் ஃபார்மேட் முழுசு, குரல் மட்டம். எதை வைத்துக்கொள்வது என்று அன்று ஆரம்பித்த குடைச்சல் ஆபரேஷன் நாள் வரை விடவில்லை. சோறு பிசையும்போதும் அதே யோசனை. முன்னதாகவே தம்பியிடம் சொல்லியிருந்தால் முழுக் குரலும் முழு ஃபைலில் இருந்திருக்கும். நான்கு நாளைப் புடவை மடிப்பு சரிசெய்வதில் விட்டேனே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

இருந்தாலும் படித்தேன். ஆறு நாள், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். எங்கள் ஊர் அமைதியான ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். வந்து அந்த மைக் வழியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். சில்வண்டு, பலா மரத்தில் குரங்கு, மேடு ஏறும் பஸ், பக்கத்து வீட்டு மிக்சி, எல்லாம் அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. போதாததற்கு, ரெகார்டரை ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போகிற மனுஷன் பழக்கத்தில் ஒரு மோட்டாரைப் போட்டுச் சோதிப்பார். நான் பாடத்தை விட்டுவிட்டுக் கத்துவேன். அவர் நிறுத்துவார். மறுபடியும் நிமிர்ந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிப்பேன்.

முடித்த பிறகு அடுத்த கவலை, இதைத் தம்பியிடம் எப்படிச் சேர்ப்பது. நிமிஷத்துக்குப் பத்து எம்பி. எங்கள் மேட்டில் கிடைக்கும் சிக்னலில் ஒரு பாடம் போய்ச் சேரவே பாதி நாள் ஆகும், நடுவில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. சுருக்கி எம்பி த்ரீயாக அனுப்பிவிடலாமே என்று வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். நான் பார்த்த பார்வையில் அவர் கடைக்கு எழுந்து போய்விட்டார். கடைசியில் ரெகார்டரின் மெமரி கார்டையே பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புவது என்று முடிவானது. மருந்தும் சாவியும் ஜாதகமும் இங்கே அப்படித்தான் இறங்குகின்றன. ஆனால் கார்டு தொலைந்துவிட்டால்? அனுப்பும் முன் ஒரு நகல் வேண்டும். என் போனில் இடம் இல்லை, அவர் போனிலும் இல்லை.

அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். இரண்டு போனையும் எடுத்து வைத்துக்கொண்டு எது குப்பை என்று பார்த்தேன். வாய்ஸ் மெசேஜ்கள் கிடந்தன, நூற்றுக்கணக்கில். பள்ளிக்கூடத்திலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் நான் அவருக்கு அனுப்பியவை. உலை வையுங்க, பால் வாங்கினீங்களா, போன எடுக்காம இன்னா பண்றீங்க என்கிற ரகம். அரை நிமிஷம், கால் நிமிஷம், பஸ் ஹாரனோடு சேர்ந்து இரைச்சலாக. ஃபார்மேட்டும் மட்டம், பேச்சும் மட்டம் என்று, வந்து குவிந்திருந்த வீடியோக்களோடு சேர்த்து மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். காலியான இடத்தில் வேவ் ஃபைல்கள் அவர் போனில் ஏறி உட்கார்ந்தன. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கார்டை மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு வைத்து அனுப்பினோம். வேலூர் பஸ் ஸ்டாண்டில் தம்பி வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும் வரை நான் உட்காரவில்லை. வாங்கியவன் உடனே கேட்டுவிட்டான், குரல் செய்ய எதைக் கொடுக்கட்டும் அக்கா, நான் வந்தபோது உன் போனிலிருந்து ஏற்றிக்கொண்டு போனதையா, இதையா என்று. வேவைக் கொடு என்றேன். சாயந்திரம் மாற்றி, போனில் எடுத்ததைக் கொடு என்றேன். மறுநாள் திரும்ப வேவ். ஆபரேஷன் அன்று காலை, பச்சை அங்கி போட்டு உட்கார்ந்திருந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லாருந்த குரலயே குடுடா என்றேன். கரகரப்போடு யாரும் என்னை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது. நான் வாயால் பேசிய கடைசி வாக்கியம் அதுவாகத்தான் இருந்தது. இவ்வளவு சண்டைக்குப் பிறகு நான் தேர்ந்தெடுத்தது சுருக்கிய ஃபைலைத்தான்.

குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது வீட்டுக்காரரின் முகத்திலேயே தெரிந்துவிட்டது. கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை. அதன் பிறகு இரண்டு மாதம் ஸ்லேட்டில் எழுதினேன். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள், ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டேன். எழுதித் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. எழுதி முடிப்பதற்குள் அவர் அந்த இடத்திலேயே இருக்கமாட்டார்.

செயலி தயாரானதும் தம்பியே வந்து என் போனில் போட்டுக் கொடுத்தான். சாப்பிட வாங்க என்று எழுதி அழுத்தினேன். வந்தது என் குரல்தான். சகரம் வரும் இடத்தில் மட்டும் லேசாகக் காற்றுக் கசிந்தது. மற்றபடி திருத்தமான குரல், ஒரு பிசிறு இல்லை. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் சட்டென்று காலை இறக்கி, கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்தார். தம்பி சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"கோயில்ல ஒக்காந்த மாதிரி இருக்குது" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. அவர் சொன்னது சரி. அந்தக் குரலில் நான் அவரை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. மைக்கைப் பார்த்ததும் என்னிடம் வருகிற குரல் அது, பிள்ளைகளுக்கும் சபைக்கும் உரியது. பால் வாங்கச் சொன்னாலும் வாசகம் போல இருந்தது, திட்டினாலும் ஆசீர்வாதம் போல இருந்தது. இருபது வருஷமாக இந்த வீட்டில் பேசிய குரல் நான் குப்பை என்று அழித்த அந்த மெசேஜ்களில் இருந்தது. மீட்க முடியுமா என்று தம்பியிடம் எழுதிக் கேட்டேன். முயற்சி செய்தான், ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று நான் ஆபரேஷனுக்குக்கூட அழாத அழுகை அழுதேன். சத்தம் வராத அழுகை என்பதால் பக்கத்து அறையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு செயலியை நான் அதிகம் தொடவில்லை. ஸ்லேட்டே போதும் என்று இருந்தேன்.

ஒரு நாள் பகலில் காபி எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனேன். அவர் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு காயில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியவில்லை. சினிமாப் பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். பெண்டாட்டிக்குக் குரல் போன வீட்டில் பாட்டு கேட்கிறதோ என்று எரிச்சல் வந்தது. ஒரு காதிலிருந்து ஒயரைப் பிடுங்கி என் காதில் வைத்தேன்.

"நிறுத்துங்க மொதல்ல அத்த. சொல்லிட்டுத்தான போனேன், படிக்கறேன்னு? இன்னாத்துக்கு இப்ப மோட்டார போட்டீங்க? சாப்டீங்களா இல்லியா? சரி, கதவ சாத்திட்டுப் போங்க, ஆடு வூட்டுக்குள்ள வருது."

நான்தான். கரகரத்த, கோபமான, அவசரமான நான். பின்னால் சில்வண்டும், தூரத்தில் ஆடும், எல்லாமே இருந்தன. நடுவில் நிறுத்தாதீங்க என்று தம்பி சொன்னதை அவர் அப்படியே செய்திருந்தார். பாடத்துக்கும் பாடத்துக்கும் இடையில் நான் போட்ட சத்தம் முழுக்க அந்த வேவ் ஃபைல்களில் கிடந்தது, ஒன்றும் சுருங்காமல். மேஜையில், காயிலுக்கு இடையில் வைக்கிற மஞ்சள் பேப்பர் துண்டு ஒன்று இருந்தது. எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்கிற அதே கையெழுத்தில், எந்த ஃபைலில் எத்தனையாவது நிமிஷம் என்று வரிசையாகக் குறித்திருந்தார். பேப்பரின் ஓரம் எண்ணெய்க் கையால் கறுத்திருந்தது. எடுத்து எடுத்துப் பார்த்த பேப்பர்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாளாக இதை வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோளில் ஒரு அடி வைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று அவருடைய பேப்பரிலேயே எழுதிக் காட்டினேன். அவர் காயிலைக் கீழே வைத்தார்.

"நீ நல்ல குரலத்தான் கேட்ட. இது நல்லா இல்லன்னு அழிச்சிடுவியோன்னு பயம்" என்றார். பிறகு, "எனக்கு இதுதான் நீ" என்றார்.

அந்த மஞ்சள் பேப்பர் பஸ்ஸில் கணியம்பாடிக்குப் போயிற்று. தம்பி அந்தந்த நிமிஷங்களை மட்டும் வெட்டி ஒட்டிப் பார்த்தான், பதினோரு நிமிஷம் தேறியது. போதுமா என்று மூன்று தடவை கேட்டேன். போதும்க்கா, ஆனா எல்லாமே திட்டுதான் என்றான்.

ஒரு வாரத்தில் இரண்டாவது குரல் என் போனுக்கு வந்தது. முதலில் யாரும் இல்லாதபோது தனியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். இதுவும் சரியாக வரவில்லை என்றால் அதை அவர் முகத்தில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் மத்தியானம் சோறு ஆறிக்கொண்டிருந்தது, மனுஷன் வருகிறவராக இல்லை. சமையல்கட்டில் நின்றபடியே, சோறு ஆறுது, வர்றீங்களா இல்லியா என்று எழுதினேன். போனைக் கடைப்பக்கம் நீட்டி அழுத்தினேன்.

கரகரவென்று என் குரல் வீட்டைத் தாண்டிப் போனது. கடையில் சுத்தியல் சத்தம் நிற்கவில்லை. அவர் திரும்பவில்லை, நிமிரவில்லை.

"வர்றேன், இரு" என்றார், எப்போதும் சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. வரவில்லை. பழையபடி எனக்குக் கோபம் வந்தது. மறுபடியும் அழுத்தினேன்.